குப்பைக்கூடையில் முப்பது நாள்

எங்கள் தேவாலய மாதர் சங்கத்துக்குக் கணினி வகுப்பு எடுக்க நான் சம்மதித்ததைப் பற்றிப் போதகர் ஞாயிறு ஆராதனையில் அறிவித்தபோது, என்னுடைய சேவை மனப்பான்மையைப் புகழ்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் கதைக்க ஆளில்லை, அதுதான் காரணம். ஒரு ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறுவரை நான் வாய் திறப்பது மரக்கறிக்காரரோடும் பால் கொண்டுவரும் பெண்ணோடும் மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் சண்டையாகத்தான் முடியும்.

நான் முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள். கடைசிக் காலத்தில் அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோருக்கு அதிபராக இருந்தேன். அங்கேதான் கணினி எனக்கு அறிமுகமானது. மூன்று நாள் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் டவுனுக்கு அனுப்பினார்கள். வந்திருந்தவர்களில் நான்தான் வயது கூடியவள், நான்தான் முதலில் பிடித்துக்கொண்டவள். ஓய்வு பெற்றதும் ஒரு மடிக்கணினி வாங்கினேன். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது மின்னஞ்சல் திறக்காவிட்டால் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்குள் நன்றாகவே ஊறிப்போயிருந்தது.

வகுப்புக்கு ஒன்பது பெண்கள் வந்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். கையில் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய போனோ மடிக்கணினியோ இருந்தது. முதல் நாளே எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருவர் தன்னுடையது மெதுவாக வேலை செய்கிறது என்று முறையிட்டார். வாங்கிப் பார்த்தால் உலாவியில் நாற்பத்தாறு பக்கங்கள் திறந்தபடி கிடக்கின்றன.

"உதெல்லாத்தையும் ஏன் திறந்து வைச்சிருக்கிறியள்?"

"மூடினா அந்தப் பக்கம் இல்லாமல் போயிடுமெல்லே, அக்கா?"

"நீங்கள் வாசலைச் சாத்தினா ரோட்டு இல்லாமல் போயிடுமோ? மூடுங்கோ. வேணுமெண்டா பேந்து போய்ப் பாக்கலாம்."

தவறுதலாக மூடிய பக்கத்தைத் திருப்பித் திறக்க மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் போதும் என்று என் கணினியில் செய்து காட்டினேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், பிறகு T. மூடிய பக்கம் மறுபடி வந்ததும் அந்த அம்மா கைதட்டினார். எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் கண்ட்ரோலோடு கூட்டல் குறியை அழுத்துங்கள், கண்ணாடிக் கடைக்கு ஓடத் தேவையில்லை என்றேன். இன்னொருவர் கனடாவிலுள்ள மகனுக்கு எழுதும் முழுக் கடிதத்தையும் 'பொருள்' என்ற பெட்டிக்குள்ளேயே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். கீழே பெரிய வெள்ளை இடம் எதற்கு என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லையாம். ஒருவரோடொருவர் முகம் பாராத இரண்டு குடும்பங்களுக்கு ஒரே அழைப்பிதழை எல்லோருடைய முகவரியும் தெரியும்படி அனுப்பிவிட்டு மாட்டிக்கொண்ட இன்னொருவருக்கு, முகவரிகளை மறைத்து அனுப்பும் வழியைச் சொல்லிக்கொடுத்தேன்.

புக்மார்க் வைக்கச் சொல்லிக் கொடுத்த அன்று, வைக்க விரும்பும் முதல் பக்கம் எது என்று கேட்டேன். ஒன்பது பேரில் ஏழு பேர் மரண அறிவித்தல் பக்கம் என்றார்கள். எங்கள் சனம் காலைத் தேத்தண்ணியோடு வாசிப்பது அதைத்தான். எந்த நாட்டில் யார் செத்தாலும் படத்தோடு அதில் வரும். யார் யாருடைய அன்பு மகள், யார் யாருடைய பாசமிகு சகோதரி, யார் எந்த நாட்டில் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். நான் அவர்களைக் கேலி செய்யவில்லை. என்னுடைய உலாவியைத் திறந்தாலே அந்தப் பக்கம்தான் முதலில் வரும்படி நானே அமைத்து வைத்திருந்தேன். விரலால் உருட்டிக்கொண்டு போகும்போது நோர்வே என்ற சொல்லைக் கண்டால் மட்டும் நிற்பேன். பெயரைப் பார்த்து, அவள் இல்லை என்று தெரிந்ததும் மேலே போவேன்.

நோர்வேயில் இருப்பது என் தங்கை. என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் கலியாணம் செய்யவில்லை. அவள் செய்து, போய், அங்கேயே பிள்ளையும் பெற்றாள். அம்மா என்னோடு இருந்தார். படுக்கையில் விழுந்த கடைசி ஆறு வருடமும் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்தது நான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதை ஒருவர் கண்டுகொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தது. அது என் தங்கையாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது.

விமான நிலையங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் அம்மா இறந்தார். தங்கையால் வர முடியவில்லை. செத்தவீட்டுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்றும் இருந்தது. போனை ஒரு கதிரையின் முதுகில் கட்டிவைத்து, ஆராதனையை அவளும் மற்ற நாட்டுச் சொந்தக்காரரும் நேரலையில் பார்க்கும்படி செய்தோம். அம்மாவுக்கு நான் உடுத்தியது அவர் தேவாலயத்துக்கு உடுக்கும் வெள்ளைக் கைத்தறிச் சீலை. அது அவரே கேட்டது. "பட்டு உடம்பைக் கடிக்கும். என்னை அந்த வெள்ளையோடை அனுப்பு" என்று பலமுறை சொல்லியிருந்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, கால் கழுவி, கணினியைத் திறந்தேன். தங்கையின் கடிதம் வந்திருந்தது. ஆறுதலாக ஏதாவது எழுதியிருப்பாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அம்மாவுக்கு ஏன் அந்தப் பழஞ்சீலை? நான் அனுப்பின பட்டு எங்கை? இஞ்சை எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கேக்கை எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது போல இருந்தது. அவள் துக்கத்தில் எழுதினாள், வர முடியாத ஆற்றாமையில் எழுதினாள் என்பதெல்லாம் இப்போது விளங்குகிறது. அன்றைக்கு ஆறு வருடக் களைப்பும் சேர்ந்துகொண்டது. பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய பதில் ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

தபால் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு. கடிதம் ஒன்றைப் பெறுபவர் வாங்க மாட்டேன் என்று சொன்னால், உறையின் மேல் 'ஏற்க மறுத்தார்' என்று எழுதி, திகதி போட்டு, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவோம். என் கையால் எத்தனையோ கடிதங்களில் அதை எழுதியிருக்கிறேன். அனுப்பியவருக்கு அதைவிடச் சூடான பதில் இல்லை. தன் கையெழுத்தோடு தன் உறை திறக்கப்படாமல் திரும்பி வருவதைப் பார்த்து, கந்தோர் வாசலிலேயே அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மின்னஞ்சலில் விதி போடத் தெரியும் எனக்கு. இன்ன முகவரியிலிருந்து வந்தால் இன்னது செய் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். தங்கையின் முகவரியைப் போட்டேன். என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலில் 'திருப்பி அனுப்பு' என்று ஒன்றும் இருக்கவில்லை. 'அழி' என்று இருந்தது. அதைத் தெரிவுசெய்தேன். நான் மறுத்துவிட்டால் அது தானாகவே அவளிடம் திரும்பிப் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முகவரியில் ஓர் எழுத்துப் பிழைத்தால்கூடச் சேரவில்லை என்று அறிவித்தல் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கடிதம் சேர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். முப்பத்திரண்டு வருடம் நான் நம்பி வேலை செய்தது அதைத்தான். மூன்றாவது வழி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு காத்திருந்தேன். கடிதம் திரும்பிப் போனதும் அவள் பதறிப்போவாள், யாரையாவது பிடித்துத் தூது விடுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். இரண்டு முறை போன் எடுத்தாள். நான் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கி வரட்டும் என்றிருந்தேன். பிறகு போனும் வரவில்லை. உவளுக்கு எவ்வளவு ரோசம் என்று தனியே இருந்து திட்டினேன். நத்தார் பண்டிகைக்கு ஒரு வாழ்த்துக்கூட இல்லை, அம்மாவின் ஆண்டு நினைவுக்கு ஒரு சொல் இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், நான்கு வருடம். சொந்தக்காரர் யாராவது அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் மழையைப் பற்றிக் கதைப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, இரண்டு பேருக்குக் காணும் அளவு சோறு சமைத்துவிட்டேன் என்று கண்டு, மிச்சத்தைக் கோழிகளுக்குப் போடுவேன்.

இதுதான் நிலைமை. வகுப்பின் நான்காவது ஞாயிறு, ஒருவர் தன் மச்சானைப் பற்றி முறையிட்டார். மச்சான் லண்டனில். கருஞ்சீரகம் தின்றால் என்ன நோய் வருத்தம் மாறும், வெறும் வயிற்றில் எதைக் குடிக்க வேண்டும் என்று நாளுக்கு இருபது மின்னஞ்சல் அனுப்புகிறாராம். அதை வராமல் பண்ணலாமா என்று கேட்டார்.

"பண்ணலாம்" என்றேன். "விதி ஒண்டு போடலாம். ஆனா அவருக்குத் தெரிஞ்சிடும். அவர் அனுப்புறது அவரிட்டையே திரும்பிப் போகும்."

"ஐயோ, அப்ப வேண்டாம். மச்சான் கோவிப்பார்."

பின் வரிசையில் என் வயதுள்ள ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் இருந்தார். எதையும் நிறுவிக் காட்டாமல் நம்பாத மனுசி. "திரும்பிப் போகுமோ? எனக்கெண்டா நம்பிக்கையில்லை. இப்ப செய்து பாப்பம்" என்றார்.

"தாராளமாகச் செய்யுங்கோ" என்றேன். அவருடைய முகவரிக்கு என் கணினியில் விதி போட்டேன். அவர் தன் போனிலிருந்து 'சோதனை' என்று எழுதி எனக்கு அனுப்பினார். எனக்கு வரவில்லை. "பாத்தியளோ?" என்றேன். இனி அவருக்குத் திரும்பிப் போகும் என்று எல்லோரும் அவருடைய போனைச் சுற்றி நின்றோம். ஐந்து நிமிடம் போனது. தேத்தண்ணியும் ரோல்சும் வந்தன. பத்து நிமிடம் போனது. அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எனக்கு ஒண்டும் வரேல்லை. உங்களுக்கு அனுப்பியாச்சு எண்டுதான் கிடக்கு."

"அப்ப மச்சானுக்குத் தெரியவே வராது!" என்று மச்சானைப் பற்றி முறையிட்டவர் சந்தோசத்தில் கத்தினார். "அவர் நான் வாசிக்கிறன் எண்டு நினைச்சு அனுப்பிக்கொண்டே இருப்பார்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், யாரும் எதையும் கவனிக்கவில்லை. வகுப்பை அரை மணித்தியாலம் முன்னதாக முடித்துவிட்டு, மழை வருகிறது என்று பொய் சொல்லி, வீட்டுக்கு நடந்தேன்.

மின்னஞ்சலின் குப்பைக்கூடையை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. குப்பையைக் கிளறும் பழக்கம் எனக்கு இல்லை. அன்றுதான் திறந்தேன். மேலே ஒரு வரி இருந்தது: முப்பது நாட்களுக்கு மேல் இங்கே இருப்பவை தாமாகவே அழிக்கப்படும். அதற்குக் கீழே இரண்டே இரண்டு கடிதம். ஒன்று கணித ஆசிரியையின் சோதனை. மற்றது என் தங்கையுடையது. பத்தொன்பது நாளுக்கு முன் வந்தது.

அப்படியென்றால் நான்கு வருடமாக வந்தவை எல்லாம் முப்பது முப்பது நாளாக இங்கே கிடந்து அழிந்திருக்கின்றன. எத்தனை என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. மிஞ்சியிருந்த ஒன்றைத் திறந்தேன்.

"அக்கா, நேற்றுக் கடைசிப் பரிசோதனையும் முடிஞ்சுது. இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தால் காணும் எண்டு டொக்டர் சொல்லிட்டார். தொடக்கத்திலையிருந்து உங்களுக்கு எழுதினபடியால் முடிவையும் சொல்ல வேணும் எண்டுதான் எழுதுறன். நான் கேட்டபடி நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இஞ்சை இவரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, ஊரிலையும் ஒரு கதை இல்லை. அதுக்கு நன்றி அக்கா. பதில் போடாட்டிலும் அது எனக்குக் காணும். இனி எழுதி உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டன். தலைமயிர் திரும்ப வளருது. அம்மாவின்ரை மாதிரிச் சுருளா வருது."

தலைமயிர் என்ற சொல்லில்தான் அவளுக்கு வந்திருந்த வருத்தம் புற்றுநோய் என்று எனக்கு விளங்கியது. ஏன் மறைத்தாள் என்பதும் விளங்கியது. மகளுக்குக் கலியாணம் பேசுகிற வயது. தாய்க்கு அந்த வருத்தம் என்று தெரிந்தால் எங்கள் சனம் பெண்ணெடுக்கப் பின்வாங்கும். அதனால் உலகத்தில் யாருக்கும் சொல்லாமல் எனக்கு மட்டும் எழுதியிருக்கிறாள். நான் இரகசியத்தைக் காப்பாற்றியதாக நினைத்து எனக்கு நன்றியும் சொல்லியிருக்கிறாள். தெரியாத ஒன்றைக் காப்பாற்ற எனக்கு என்ன கெட்டித்தனம் வேண்டும்? மேசையில் தலையை வைத்து அழுதேன். என்மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

முதலில் அந்தக் கடிதத்தைக் கூடையிலிருந்து எடுத்து உள்பெட்டியில் வைத்தேன். விதியை நீக்கினேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

'எல்லாம் வாசித்தேன், எழுத மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்' என்று எழுதுவது சுலபம். அவளும் அதைத்தான் நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையை ஏன் உடைக்க வேண்டும்? ஆனால் எழுதிப் பார்த்தபோது அது பயங்கரமாக இருந்தது. அவள் சாகக் கிடந்ததை வாசித்துவிட்டு ஒரு வரி எழுதாமல் இருந்த அக்கா அதில் இருந்தாள். நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. மற்ற உண்மையை எழுதினால், நான்கு வருடமும் அவள் யாருக்கும் எழுதவில்லை என்று ஆகும். எது அவளுக்குக் கூட வலிக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், பொய்யால் கிடைத்த நன்றியை வைத்துக்கொண்டு அவளோடு மிச்சக் காலத்தைக் கதைத்துக் கழிக்க என்னால் முடியாது என்று தெரிந்தது. அது அவளுக்காக எடுத்த முடிவா, எனக்காக எடுத்த முடிவா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

விதி போட்டதையும், திரும்பிப் போகும் என்று நம்பியதையும், ஒன்றையும் வாசிக்கவில்லை என்பதையும் எழுதினேன். என் மின்னஞ்சலில் அனுப்பியதை முப்பது விநாடிக்குள் மீட்டுக்கொள்ளலாம். முதல் தடவை இருபதாவது விநாடியில் மீட்டுக்கொண்டேன். இரண்டாம் தடவை அனுப்பு என்பதை அழுத்திவிட்டு எழும்பிக் குசினிக்குப் போய் கேத்திலில் தண்ணீர் பிடித்தேன். திரும்பி வந்தபோது அது போய்விட்டிருந்தது.

அடுத்தநாள் மத்தியானம் பதில் வந்தது.

"அக்கா, ஒண்டையுமே வாசிக்கேல்லையோ? ஊசி ஏத்தப் போறதுக்கு முதல்நாள் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு எழுதிப்போட்டுத்தான் போவன். அங்கை கதிரையிலை சாஞ்சிருக்கேக்கை, இப்ப அக்கா வாசிச்சிருப்பா, கோவத்தோடையெண்டாலும் எனக்காகச் செபிப்பா எண்டு நினைச்சுக்கொள்ளுவன். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். எனக்கு இப்ப என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறன். இந்தமுறை தூக்குங்கோ."

தூக்கினேன். அவள் மகளைப் பற்றிச் சொன்னாள். நான் கோழிகளைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் சீலையைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அவளுடைய குரல் கொஞ்சம் கட்டையாகியிருந்தது. வைக்கப் போகும் நேரத்தில்தான் நான் கேட்டேன்.

"நீ எழுதினதெல்லாம் உன்ரை பக்கத்திலை இருக்கும். 'அனுப்பியவை' எண்டு ஒரு பெட்டி கிடக்கு. அதைத் திறந்து என்ரை முகவரியைப் போட்டுத் தேடினா எல்லாம் வரிசையா வரும். அப்பிடியே ஒருமிக்கத் தெரிவுசெய்து..."

"எனக்குத் தெரியும் அக்கா. எல்லாம் கிடக்கு."

"அப்ப அனுப்பு. நான் முதல்லையிருந்து வாசிக்கிறன்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"வேண்டாம் அக்கா" என்றாள். "அது அந்தந்த நேரத்திலை வாசிக்கிறதுக்கு எழுதினது."

ஓம், சரி என்றேன்.